கிளி பார்க்கும் முகம்

"இந்தா முனீஸ்வரி, வாய அடக்கு. மூணு தடவ மெட்ராஸ் போனா எவனையாச்சும் பாக்கத்தான் போகணுமா? என் மருமக போனது என் அம்மனப் பாக்க."

"சாமிய எதுக்கு மெட்ராஸ்ல போயித் தேடணும்?" என்றாள் எதிர்வீட்டு முனீஸ்வரி.

அருப்புக்கோட்டையில் நெசவுத் தெரு எங்களுடையது. வீட்டுக்குள் கன்னடம்தான். அவளுக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று தமிழிலேயே சொன்னேன்.

மருமகள் தேவிபிரியாவுக்குத் திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை வேலை. முந்தானையில் கை துடைக்காமல் காகிதத்தைத் தொடமாட்டாள். அரிசிச் சாக்கோ தைல டப்பாவோ, அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் வாசிப்பாள். தீப்பெட்டியைக் கொடுத்தால் அதையும் வாசித்து முடித்த பிறகுதான் அடுப்பு எரியும். எனக்கு எரிச்சலாக வரும், இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டுச் சாமி ஒரு காகிதப் படம். கையில் கிளியோடு நிற்பாள். தறிக்கு மேலே சுவரில் என் மாமியார் ஒட்டியது. பாதத்துக்குக் கீழே ஏதோ எழுத்து. எழுத்தறியாத நான் அதை மந்திரம் என்று தொட்டுக் கும்பிட்டு வந்தேன். கல்யாணமாகி வந்த மறுமாதமே இவள் எக்கி நின்று வாசித்தாள்.

"அத்தை, கோவிச்சுக்கிராதீக. நாப்பதாம் நம்பர் நூலு, பத்து ராத்தல்னு போட்டிருக்கு."

நூல்கட்டின் மேல் ஒட்டி வந்த கம்பெனிச் சீட்டாம். "இருந்துட்டுப் போகுது. நமக்குப் படியளந்தது நூலுதான?" என்றேன். அன்றிலிருந்து பூ வைப்பாள், திரி திரிப்பாள். கும்பிட்டு மட்டும் நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் கரையான் ஏறி அம்மனின் முகம் போய்விட்டது. மிஞ்சியது பாதமும் எழுத்தும்தான். பேத்தி ஸ்ரீமதிக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். முதல் பத்திரிகையை அவள் முன்னால்தான் வைக்க வேண்டும்.

"கடையில வேற படம் வாங்குவோம்மா" என்றான் மகன் சௌந்தர்.

"அது வேற சாமிடா. அந்த முகம் வராம ஒருத்தருக்கும் பத்திரிக போகாது" என்று அன்றிலிருந்து பகல் சாப்பாட்டை விட்டுப் படுத்துக்கொண்டேன்.

மருமகளோ, எழுத்திருந்த துண்டை டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு சென்னை ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேறினாள். அந்தக் காலத்து வியாபாரச் சின்னங்களைத் தடித்த புத்தகங்களில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். யானை, மயில், கடிகாரம், துரைசாணி என்று நூற்றுக்கணக்கில். இரண்டு பயணம் வெறுங்கையோடு திரும்பினாள். மூன்றாவது தடவை மத்தியானம் போன் வந்தது.

"அத்தை, கிளியோட மூணு அம்மன் இருக்கு. கீழ எழுத்தும் அதேதான். நம்மது எது?"

அறுபது வருஷம் விளக்கு வைத்தவளிடம் கேட்கிறாள்.

"கிளி எங்கிட்டுப் பாக்குது?"

"ரெண்டுல நம்மளப் பாக்குது. ஒண்ணுல அவுக முகத்தப் பாக்குது."

"அவதான்! விட்டுறாதம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்பாடா! மொதல்ல எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள். நாலு இட்லி சாப்பிட்டேன்.

நகல் வந்தது. படத்துக்குக் கண்ணாடி போடும் இன்பராஜ், "கீழ இருக்க எழுத்த வெட்டிரவா?" என்றார்.

"வெட்டிப் பாருங்க, ஒங்க கடை வாசல்லயே உக்காந்துருவேன்" என்றேன் நான்.

பத்திரிகை வைத்த மறுநாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று தேவிபிரியா செருப்பு மாட்டி வாசலைத் தாண்டினாள். நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். நாற்பதாம் நம்பர் நூலையும் பத்து ராத்தலையும் கண்ணாடியின் மேல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெளியே போனாள்.