வள்ளியை வேனில் அனுப்பிய கதை

தொண்ணூறுகளில் ஆவடியில் பெண்களுக்கு உடல்நலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கென்யாவில் இதே வேலை செய்யும் கிரேஸ் எங்கள் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பது என் பொறுப்பு.

வள்ளி என்ற பெண் மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். ஏன் என்று கிரேஸ் கேட்டார்.

"நான் ஊட்டுக்குத் தூரம்க்கா. உள்ள சாமி படம் கீது, இங்கிருந்தே கேட்டுக்கிறேன்" என்றாள் வள்ளி.

பெண்கள் மட்டும் என்றால் எதையும் பேசிவிடுவேன். பக்கத்தில் கிரேஸை அழைத்துவந்த வேன் டிரைவர் நின்றதால் 'பீரியட்ஸ்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அவள் வீடு தூரமாம்" என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன்.

கிரேஸுக்கு மனசு கேட்கவில்லை. வள்ளி மறுக்க மறுக்க, வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் வீடோ இரண்டு தெரு தள்ளி!

பத்தே நிமிடத்தில் அவள் மாமியார் ஓடிவந்தார். "நடந்து வந்த பொண்ணை வேன்ல அனுப்பிக்கீறீங்களே, அவளுக்கு இன்னா ஆச்சு?" பின்னாலேயே பாதித் தெரு வந்தது. கடைசியில் வள்ளியும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கிரேஸிடம் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், "நீயே கூச்சப்பட்டால் இவர்களுக்கு யார் சொல்வது?" என்றார். சுருக்கென்றது. அன்றைய பாடத்தை வாசலிலேயே நடத்தினோம்; மாமியாரும் உட்கார்ந்து கேட்டார்.

அன்றிலிருந்து, யார் நின்றாலும் 'மாதவிடாய்' என்று உரக்கச் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். யாராவது வாசலில் நின்று "தூரம்" என்றால், "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கிறேன்.