முதல் பக்கத்தை அளந்தவள்

நான் வேலை செய்த திருகோணமலைப் பத்திரிகைக் காரியாலயத்துக்கு, வெள்ளைச் சீருடையில் ஒரு மாணவி வந்தாள். உயர்தர வகுப்பில் ஊடகம் படிக்கிறவள். எந்தச் செய்தியையும் அடிமட்டத்தால் அளந்த பிறகே வாசிப்பாள்.

‘துறைமுக மீனில் நஞ்சு’ என்று முதல் பக்கத்தில் படகுப் படத்தோடு நான் எழுதியதைக் காட்டினாள்.

“படகின்ர பதிவு எழுத்தைப் பாருங்கோ சேர். இது நீர்கொழும்புப் படகு, எங்கட துறைமுகத்துப் படகில்ல. மூன்று நாளா எங்கட அப்பான்ர மீனை ஒருத்தரும் வாங்கேல்ல.”

யாரோ அனுப்பிய படத்தை நம்பி எழுதியிருந்தேன். மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் சின்னதாகத் திருத்தம் போட்டேன்.

பள்ளி விட்டதும் வந்து, அதன்மேல் அடிமட்டத்தை வைத்தாள்.

“பிழை இருபது சென்டிமீட்டர். திருத்தம் நாலு. முதல் பக்கத்தில இருபதும் வேணும்.”

“ஏலாது பிள்ளை. எடிற்றர் விடமாட்டார்.”

“அப்ப அவரைக் கூப்பிடுங்கோ” என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

இருபதும் வந்தது. இன்றும் செய்தி எழுதி முடித்ததும் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.