ரமேஷ்குமார் சட்டையைக் கழற்றிய நாள்

நீலகிரியில் ஜெகதளாவுக்குக் கீழே இருந்த எங்கள் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை ரமேஷ்குமாருக்கு. வெளியே பனி கொட்டினாலும் அடுப்பு முன்னால் எல்லோரும் வெறும் உடம்போடுதான் நிற்போம். அவன் மட்டும் சட்டையைக் கழற்ற மாட்டான். வேர்வையில் ஊறிய சட்டையோடு குளிரில் நடந்து லயத்து வீட்டுக்குப் போவான்.

மீசை முளைத்த வயதிலேயே அவன் மார்பில் பெண்களுக்குப் போலச் சதை வைத்துவிட்டது. பெற்ற அப்பன் முன்னால்கூட அவன் சட்டையில்லாமல் நின்றதில்லை. ஃபேக்டரியில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை வைத்த மகராசன் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறான். அந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை.

அவனுடைய அப்பா காத்தமுத்து சிலோனிலிருந்து வந்த நாள் முதல் மாரியம்மன் சப்பரத்தின் முன்கொம்பைத் தூக்கியவர். தூக்குகிறவர்கள் இடுப்பில் ஈர வேட்டியோடு, மேலுக்கு ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும். நான் சொல்வது தேயிலை விலை விழுந்த வருஷம். ஃபேக்டரி பாதி நாள் ஓடவில்லை. இளவட்டங்கள் பனியன் கம்பெனி தேடித் திருப்பூருக்கு இறங்கிவிட்டார்கள். சப்பரத்துக்குத் தோள் பற்றவில்லை. தன் தோளும் விட்டுப்போனதால் காத்தமுத்து மகனைக் கூப்பிட்டார். அவன் வரமாட்டேன் என்றான்.

"ஆத்தா முன்னால சட்டைய கழட்ட முடியாத அளவுக்கு நீ பெரிய தொரையாடா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவனோடு பேசுவதை விட்டுவிட்டார்.

அந்தச் சதையைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் ஜெஸிந்தாதான் அவனுக்குச் சொன்னாள். திருவிழாவுக்கு முன்னால் உடம்பு ஆறிவிட வேண்டும் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். வீட்டில் சொன்னது, திருப்பூருக்கு வேலை பார்க்கப் போகிறேன் என்று. மனைவி சரிதாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். டாக்டர் சொன்னபடி பீடியை விட்டான். சோதனைக்கு ரத்தம் கொடுத்தான், எக்ஸ்ரே எடுத்தான், ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தான். காலையில் டாக்டர் அவனை நிற்கவைத்து மார்பில் பேனாவால் வட்டம் போட்டாராம். அப்போது அழுதுவிட்டான். வலிக்கப்போகிறது என்று பயப்படுகிறான் போல என்று நினைத்து அவர் தட்டிக்கொடுத்தாராம்.

திரும்பி வந்தபோது மார்பு முழுக்க நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. இரவும் பகலும் ஒரு இறுக்கமான பனியனைப் போட்டிருக்க வேண்டும், பாரம் தூக்கக்கூடாது. மேலே ஸ்வெட்டர் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தினமும் சரிதாதான் அந்தப் பனியனின் கொக்கிகளை மாட்டிவிடுவாள். அவள் கை பட்டால்கூடத் தெரியவில்லை என்பான், அவ்வளவு மரத்துப்போயிருந்தது.

சப்பரத்துக்குப் பயந்துதான் மகன் ஊரைவிட்டு ஓடினான் என்று காத்தமுத்து நம்பினார். வேறு ஆள் பார்க்கச் சொல்லிக் கோயில் கமிட்டிக்கும் தகவல் கொடுத்துவிட்டார். மாமனாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சரிதா கெஞ்சினாள்.

"வேணாம். சப்பரத்துக்கு அடியில நிக்கிறப்ப அவரே பாக்கட்டும்" என்றான் ரமேஷ்குமார். பாவி, அந்த ஒரு ஆசையில்தான் நாளைக் கடத்தினான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறதற்கு முந்தைய வாரம் தேயிலைக் காட்டில் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காத்தமுத்து அப்படியே சரிந்தார். கம்பளியில் போட்டுத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை.

அன்று சாயங்காலமே அடக்கம். நீர்க்குடம் எடுக்கிற பிள்ளை மேலுக்குத் துணி போடக்கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர், சாவுச் சடங்கு செய்துவைக்கிற செல்லையா, தயங்கி நின்றார். நாங்கள் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ரமேஷ்குமார் ஸ்வெட்டரைக் கழற்றினான், சட்டையைக் கழற்றினான், கடைசியில் கொக்கிகளைப் பிரித்து அந்தப் பனியனையும் கழற்றினான். பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிய தட்டை மார்போடு எங்கள் எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்றான். அப்பா முன்கொம்பு தூக்குகிற அதே இடது தோளில் குடத்தை ஏற்றிக்கொண்டு குழிமேட்டைச் சுற்றினான்.

சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருஷம் சாமி தூக்கக்கூடாது. அடுத்த வருஷம் ஃபேக்டரியையே மூடிவிட்டார்கள், சப்பரம் எடுக்க ஆளில்லை.

புதைத்துவிட்டு வந்த அன்று சரிதா அந்தப் பனியனை மறுபடி மாட்டிவிடப் போனாளாம். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டானாம்.

"நேத்து ராத்திரி அப்பா வீட்டு அடுப்புகிட்ட தனியாத்தான் குளிர் காஞ்சுகிட்டு இருந்தாரு. அப்பவே கழட்டிக் காட்டியிருக்கலாம், சரிதா."