முத்துப்பேட்டை சாலையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவர்

காலை ஏழரைக்குத் திருவிடைமருதூரில் டவுன் பஸ் ஏறினேன். கும்பகோணத்துக்கு ஒன்பது கிலோமீட்டர்; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பையில் தண்ணீர் பாட்டிலும் இட்லிப் பொட்டலமும், பல் தேய்ந்து செத்துப்போன ஒரு ராட்செட் ஸ்க்ரூடிரைவரும். இது போல வேண்டாம் என்று கடைக்காரரிடம் காட்டுவதற்காக அதை எடுத்துப் போனேன்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் குத்தகை நிலம். வீட்டு முன்புறத்தில் ஸ்ப்ரேயரும் பம்ப்செட் ஸ்டார்ட்டரும் பழுது பார்க்கும் சின்ன ஒர்க்‌ஷாப். நிலம் அப்பா, அண்ணன் பொறுப்பு, ஒர்க்‌ஷாப் என் பொறுப்பு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள் சென்னைக்குப் போகாமல் ஏன் இங்கே கிடக்கிறாள் என்று தெருவே கேட்கிறது. அது இருக்கட்டும். ராட்செட் ஸ்க்ரூடிரைவர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மணிக்கட்டைத் திருப்பித் திருகை இறுக்கிவிட்டு, முனையை எடுக்காமலே கையைப் பின்னால் கொண்டுவந்து மறுபடி திருப்பலாம். பின்னால் வரும்போது உள்ளே பல் தட்டிக் கிர்ரென்று ஒரு சத்தம் வரும். வேறு வேறு முனைகள் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். வரப்பில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, சேறு படிந்த கையால் மோட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் இங்கே கிடைப்பவை ஒரு குறுவை சாகுபடி முடியும்வரைகூடத் தாங்குவதில்லை.

கும்பகோணத்தில் ஏறி இறங்கிய கடைகளில் கடைசிக் கடைக்காரர்தான் கொஞ்சம் பேசினார்.

"யாருக்கும்மா, அண்ணனுக்கா?"

"எனக்குத்தாங்க."

என் விரல் நகங்களில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் முனையைக் குறடால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முறுக்கினேன். உள்ளே ஏதோ நழுவியது.

"வாங்க வந்தியா, கொல்ல வந்தியா?" என்று பிடுங்கிக்கொண்டார். பிறகு அவரே, "தேயாத சாமான் வேணும்னா மன்னார்குடி தாண்டிப் போ. முத்துப்பேட்டை ரோட்டுல ஒருத்தர் கடை வச்சிருக்காரு. எல்லாம் வெளிநாட்டுலேருந்து வர்ற சரக்கு. ஆனா ஆளு கடையில இருக்க மாட்டாரு."

"அப்ப வியாபாரம் யாரு பாக்குறது?"

"அவருதான்," என்றார். சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு மன்னார்குடி பஸ். முப்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து முத்துப்பேட்டை பஸ் கிளம்பியபோது பதினொன்றரை. போகப் போக மரங்கள் குறைந்து வானம் தாழ்ந்துகொண்டே வந்தது. நாற்று விட்ட வயல்கள் சில. மற்றவை வெறும் தண்ணீர்ப் பரப்பு. ஒரு தலைகூடத் தென்படவில்லை. காற்றில் உப்பு வாடை ஏறியது. நான் இறங்கிய நிறுத்தத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கண்டக்டர் மட்டும், "இங்கயா எறங்குற?" என்று இருமுறை கேட்டார்.

கடை திறந்திருந்தது. படியில் கால் வைத்ததும் குரல் வந்தது.

"செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க."

உள்ளே யாரும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கல்லா அருகே ஒரு நாற்காலி; அதன் முன்னால் ஆடை படிந்த டீ.

"கீழ பாரும்மா. இங்க."

கல்லாப் பெட்டி மேல் ஸ்டாண்டில் ஒரு போன். அதில் ஒருவர் முகம். அவருக்குப் பின்னாலும் அலமாரிகள். சிங்கப்பூரில் ஸ்டோர் கீப்பராம். கடை திறக்கும்போது வீடியோ கால் போட்டால் பூட்டும்போதுதான் நிறுத்துவார்களாம். நாலு வருஷமாக அப்படித்தான் என்று பிறகு சொன்னார். எங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. சமையல்கட்டில் போனைச் சாய்த்து வைத்திருப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் கூடவே இருப்பார். ஆனால் ஆளில்லாத கடையில் அந்த முகத்தைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கினேன்.

நான் வந்த விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார். "அதெல்லாம் தரேம்மா. மொதல்ல ஒரு உதவி. எம் பொண்டாட்டி சுமதி பின்னாடி ரூமுக்குப் போனா. ஒரு மணி நேரமாச்சு. கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், சத்தமே இல்ல. உள்ள பூச்சிமருந்து ஸ்டாக்கு இருக்கு." குரல் உடைந்தது. "தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அடிச்சுப் பாத்துட்டேன், யாரும் எடுக்கல."

கடையின் பின்சுவரில் ஒரு பலகைக் கதவு. தள்ளிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். உள்தாழ்ப்பாள். கதவடியில் கோடாக வெளிச்சம் தெரிந்தது.

"அக்கா," என்று தட்டினேன்.

வெளிச்சம் அணைந்தது.

"லைட் நின்னுருச்சுண்ணே."

"கரண்டு போயிருக்கும்," என்றார் அவர்.

என் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

கீல்கள் கடைப் பக்கமே இருந்தன. திருகுகளைக் கழற்றினால் கதவு வந்துவிடும். அலமாரியில் இருந்த புது ராட்செட் ஒன்றைப் பிரித்தேன். உப்புக் காற்றில் துருவேறிய திருகு. இரண்டாவது முறுக்கிலேயே பல் நழுவியது.

"அது வேணாம். மேல் தட்டுல செவப்புத் துணிப்பை இருக்கு பாரு. அது என்னோடது. விக்கிறதுக்கு இல்ல."

பைக்குள் இருந்ததைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கனம் முழுக்கக் கழுத்தில் இருந்தது. முனை திருகின் பள்ளத்தில் ஆடாமல் உட்கார்ந்தது. உடம்பின் பாரத்தைக் கொடுத்துத் திருப்பினேன். திருகு முனகிக்கொண்டு நகர்ந்தது. கதவுக்குப் பின்னால் ஒருவர் செத்துக்கொண்டிருக்கலாம். எனக்கோ அந்தக் கருவியின் மேல் ஆசை பொங்கிக்கொண்டிருந்தது. கிர்ர், கிர்ர். அந்தச் சத்தத்துக்கு நடுவே உள்ளே மூச்சு விடும் ஒலி கேட்டது போலிருந்தது. மிக அருகில், கதவை ஒட்டி.

கடைசித் திருகு வந்ததும் கதவு சாய்ந்தது. தாங்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். யூரியா மூட்டை மேல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. உதட்டில் விரல் வைத்தார்.

"உடம்புக்கு என்னக்கா?" என்றேன், தாழ்ந்த குரலில்.

"ஒண்ணுமில்ல. இங்க மட்டுந்தான் அவரு கண்ணு எட்டாது." பிறகு கதவைப் பார்த்து, "கழட்டிட்டியே," என்றார்.

"இருக்காளா? ஏதாவது சொல்லும்மா," என்றது போன்.

சுமதி எழுந்து கல்லா பக்கம் போனார். "தூங்கிட்டேங்க. வெக்கை."

சிங்கப்பூரில் அந்த மனிதர் அழுதார். நிஜமான அழுகை. அழுது முடித்துவிட்டு, "அந்தக் கதவ மாட்ட வேணாம், அப்படியே கெடக்கட்டும். போனக் கொஞ்சம் திருப்பி வச்சா உள்ள வரைக்கும் தெரியும். எனக்கும் நிம்மதி," என்றார். குரலில் அவ்வளவு அன்பு.

சுமதி என்னைப் பார்த்தார்.

"கதவு இல்லன்னா எலி வரும்ணே," என்றேன். "மூட்டையெல்லாம் கடிச்சுக் கொதறிடும்."

போனில் அவர் தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான்," என்றார்.

ராட்செட்டின் திசையை மாற்றிவிட்டு எல்லாத் திருகுகளையும் இறுக்கினேன். உள்தாழ்ப்பாளில் ஒரு திருகு ஆடியது. கேட்காமலே அதையும் இறுக்கினேன். கதவு மறைவில் நின்று சுமதி கருவியை வாங்கி என் பைக்குள் போட்டார். பல் நழுவிய புதுசைச் சிவப்புப் பையில் வைத்துக் கட்டினார்.

"விக்கிறதுக்கு இல்லன்னாரேக்கா."

"நாளைக்கு வேற யாரையாச்சும் விட்டுக் கழட்டச் சொல்லுவாரு. எடுத்துட்டுப் போ."

"என் டூல எடுத்த எடத்துல வச்சாச்சா?" என்று கேட்டது போன்.

"வச்சாச்சுங்க." சிவப்புப் பையைத் தூக்கிக் காட்டிவிட்டு மேல் தட்டில் வைத்தார். அலமாரியில் இருந்ததற்கு என்ன விலையோ அதை வாங்கிக்கொண்டார்: அறுநூற்றைம்பது ரூபாய்.

இரண்டே முக்காலுக்கு மன்னார்குடி பஸ் கிடைத்தது. ஜன்னலோர இடம். யாருமற்ற வயல்கள் மறுபடி பின்னோக்கி ஓடின. பைக்குள் கை விட்டு அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல சாமானை என் ஆயுளில் வாங்கியதில்லை. அப்போது போன் அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து மெசேஜ்.

"அந்த ரோட்டுல ஒரே எடத்துல ஏன் அவ்ளோ நேரம் நின்ன?"

திரையில் பார்த்தேன். கிளம்பும்போது அம்மா சொன்னாள் என்று நான் போட்டுவிட்ட லைவ் லொகேஷன். வீட்டில் யார் கையிலோ ஒரு நீலப் புள்ளியாக நான் நகர்ந்துகொண்டிருந்தேன். அவர்கள் கேள்வியிலும் அன்புதான். எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் உறுத்தியதில்லை.

அதை நிறுத்தினேன். பஸ் ஒரு வாய்க்கால் பாலத்தைக் கடந்தது. மன்னார்குடி வரும்வரை நான் எங்கே இருந்தேன் என்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.