போட்டோவுக்குப் பக்கத்து நாற்காலி

போன ஞாயிறு காலை பால் வாங்கப் போனேன். பூத் எதிர்ச் சுவரில் ஸ்டெல்லா செத்துப் போயிருந்தாள்.

'கண்ணீர் அஞ்சலி' என்று தடித்த கறுப்பு எழுத்து. கீழே அருள்ராஜ், அவன் பக்கத்தில் ஸ்டெல்லா. இரண்டு பேர் கழுத்திலும் மாலை. அருள்ராஜ் போய் நாலைந்து வருஷம் ஆகிறது, அது ஊருக்கே தெரியும். ஆனால் ஸ்டெல்லா? முந்தின நாள் சாயங்காலம்தானே என் வாசலில் நின்று, ஜாக்கெட்டுக்குக் கை நீளம் போதுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்?

"பாவம்மா, சின்ன வயசு. எப்ப எடுக்கறாங்களாம்?" என்றார் பூத்காரர்.

எனக்கு வாய் வரவில்லை. கால்தான் வந்தது. வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும் — குக்கர் விசில் வருவதற்குள் பத்துத் தடவை அடுப்பைப் போய்ப் பார்க்கிற ஜென்மம். நடந்தேன். அப்புறம் ஓடினேன். அயனம்பாக்கம் ரோட்டில் பால் பாக்கெட்டோடு ஒரு பொம்பளை ஓடினால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும்.

ஓடுகிற நேரத்தில் அருள்ராஜ் யாரென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்யாணமாகி அம்பத்தூர் பக்கம் வந்தது எண்பதுகளின் ஆரம்பத்தில். வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மைதானம். மொட்டை மாடியில் வடாம் பிழிந்து வைத்தால் அதன் நடுவில் பந்து வந்து விழும். பந்தைக் கேட்டு வருகிறவன் எப்போதும் ஒரே ஆள். "அக்கா, பந்து வந்துச்சா?" என்பான். கொடுத்தால் உடனே ஓட மாட்டான். உட்கார்ந்து, கலைந்த வடாத்தை எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் போவான். அவன்தான் அருள்ராஜ். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஷிப்ட் முடிந்தால் மைதானம். ஞாயிறு என்றால் மாதா கோயிலில் முதல் பூசை, அப்புறம் மைதானம்.

எனக்குக் கால்பந்து பற்றி ஒரு மண்ணும் தெரியாது. துணி காயப்போடப் போனவள் அப்படியே நின்றுவிடுவேன். எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். இவன் குனிந்தே பார்க்க மாட்டான். எதிரே தடுக்க வருகிறவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். இவன் ஏன்டா சிரிக்கிறான் என்று அவன் யோசிப்பதற்குள் பந்து கோலுக்குள் இருக்கும். ஆவடி டீம்காரர்கள் "அவன் மூஞ்சப் பாக்காதீங்கடா" என்று கத்துவார்கள். பார்க்காமல் இருக்க முடியுமா? அப்படி ஒரு சிரிப்பு.

மஞ்சள் காமாலையில் போனான். முப்பதுகூட ஆகவில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர், யார் சாவுக்கும் கண் கலங்காதவர், குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் 'அருள்ராஜ் நினைவுக் கோப்பை'. பூந்தமல்லி, ஆவடி, கரையான்சாவடி... எல்லா ஊர் டீமும் வரும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஒரு மேடை. மேடையில் அருள்ராஜ் போட்டோ, அதற்கு மாலை, பக்கத்தில் ஒரு இரும்பு நாற்காலி. அந்த நாற்காலி ஸ்டெல்லாவுக்கு. அவன் பெண்டாட்டி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட வாழவில்லை, பிள்ளை குட்டி இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து தன் சோற்றைத் தானே சம்பாதிக்கிறவள்.

மேடையில் அவளுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். மைக்கில் ஒருவர், "நமது அண்ணி அவர்கள் இப்போது கண்ணீர் மல்கக் கோப்பையை வழங்குவார்கள்" என்பார். ஒரு வருஷம் அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. மைக்கில் சொல்லிவிட்டார்களே... என்ன செய்வாள்? முந்தானையை எடுத்து வெறும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சரி, போஸ்டருக்கு வருகிறேன். அருள்ராஜ் நல்லபடியாக எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ கல்யாணப் போட்டோ. கோட்டும் மாலையுமாக நிற்பான். பிரஸ்காரர் ஸ்டெல்லாவைக் கத்தரித்துவிட்டு, அவன் காலடியில் ஒரு பந்தை ஒட்டி அச்சடித்துக் கொடுப்பார். கல்யாணக் கோட்டு, காலில் பந்து. வருஷா வருஷம் அதுதான் போஸ்டர், நாங்களும் பழகிவிட்டோம். இந்த வருஷம் கத்தரிக்காமல் விட்டிருக்கிறார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி' மட்டும் அப்படியே இருக்கிறது.

ஸ்டெல்லா வீட்டு வாசலில் அவளோடு வேலை செய்கிற ஒரு பெண் சம்பங்கி மாலையோடு நின்றிருந்தாள். மாலையைக் கொடுப்பதா, முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வதா என்று தெரியாமல் முழித்தாள். எதிரே ஸ்டெல்லா, தலைக்குக் குளித்த ஈரத்தோடு.

"வாங்கக்கா. நீங்களும் பாத்துட்டீங்களா? மால எங்க?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் கட்டிலில் உட்கார்ந்தவளுக்கு முகம் கோணிவிட்டது.

"கரையான்சாவடி வரிக்கும் ஒட்டிக்கீறாங்களாம்க்கா. அவரோட அக்கா பஸ் ஸ்டாப்புல வந்து நின்னா அதானே கண்ணுல படும். இன்னிக்குப் போயி..."

இன்றைக்குப் போய் என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டெல்லாவுக்கு மறு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சேவியர், கரையான்சாவடிக்காரர். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் மெக்கானிக். அவருடைய அக்கா ஒருத்தியைச் சம்மதிக்க வைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. புருஷனைத் தின்னவள் என்கிற பேச்செல்லாம் வந்து ஓய்ந்திருக்கிறது. அன்று எட்டு மணிப் பூசையில் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள் — இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. யாரும் எதுவும் சொல்வதில்லை. அந்த நேரத்தில் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள் என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். அதைக் காதால் கேட்க சேவியரும் அக்காவும் வருகிறார்கள். வருகிற வழியெல்லாம் சுவருக்குச் சுவர் கல்யாணப் பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி. விளங்குமா?

எனக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது வாசலில் சைக்கிள் நின்றது.

முனுசாமி. டீமின் கோல்கீப்பர், கேப்டன், போஸ்டர் கமிட்டி எல்லாம் அவன்தான். ஹாண்டில்பாரில் மைதா பசை பக்கெட், முழங்கை வரைக்கும் பசை. முகமெல்லாம் பல்.

"எப்டிகீது அண்ணி? ஆஃப்செட்டு. கலரு."

பாராட்டை எதிர்பார்த்து வந்திருக்கிறான் என்று புரிந்தபோது எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது.

"முனி, நான் செத்துட்டேனா?" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னா அண்ணி இப்டி கேக்கறீங்க? நீங்க இந்த வாட்டி மேடைக்கு வரமாட்டேன்ட்டீங்க. பசங்களுக்கு மனசு கேக்கல. போஸ்டர்லயாச்சும் அண்ணன் பக்கத்துல இருக்கட்டும்னுதான்... இத்தினி வருசம் ஒங்கள கட் பண்ணிகினு இருந்தோமே, அதான் தப்பு."

"கண்ணீர் அஞ்சலின்னு போட்டு உயிரோட இருக்கிறவ படத்தை ஒட்டுவாங்களா?" என்றேன் நான்.

"அது அண்ணனுக்குக்கா. அண்ணிக்கு இல்ல. படிச்சிப் பாத்தா தெரியும்."

படிப்பார்களாம். பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி நின்று படிப்பார்களாம்.

ஓலை விஷயத்தைச் சொன்னேன். முனுசாமிக்குக் கல்யாணம் தெரியும், ஓலை தெரியாது. பக்கெட்டைக் கீழே வைத்தான். "கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும், யாரு வேணான்னா? ஆனா டோர்னமெண்ட்டுக்கு மட்டும் வந்துருங்க அண்ணி. வருசத்துல ஒரு நாளு. அந்த சேரு காலியா இருந்தா எங்களால பாக்க முடியாது."

ஸ்டெல்லா எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"அன்னிக்கு அவரு கண்ணு மஞ்சளா இருந்துச்சி. எழுந்து நிக்க முடியல. போவாதன்னு கைய புடிச்சேன். ஃபைனலு, கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க வராங்கன்னு நீதானே சைக்கிள் எடுத்துகினு வந்த? ரெண்டு கோல் அடிச்சாரு. எல்லாரும் கை தட்னீங்க. ஒருத்தராச்சும் 'ஊட்டுக்குப் போப்பா'ன்னு சொன்னீங்களா?"

முனுசாமி தலை குனிந்து நின்றான். கையில் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"சொல்லல அண்ணி," என்றான் கடைசியில். "அத்த நெனச்சி நெனச்சிதான் வருசா வருசம் ஒங்கள ஒக்கார வெக்கறோம். நீங்க வந்து அங்க ஒக்காந்தா எங்கள மன்னிச்சிட்டா மாதிரி இருக்கும். எங்களுக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

அறையலாம் என்று நினைத்தவளுக்கு இப்போது அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அத்தனை பெரிய உடம்பு, குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் முனி. கோவம் இருந்தா மேடைக்கு வந்துருப்பனா? ஆனா அங்க ஒக்காந்தா எனக்கு அந்த நாளு திரும்பத் திரும்ப வருது. ஒங்களுக்கு ஆட்டம் முடிஞ்சா முடிஞ்சிச்சி. எனக்கு முடியவே மாட்டேன்னுது. என்ன வுட்ருங்க."

எனக்கு ஒன்று தோன்றுகிறது. செத்தவரை மறக்கக் கூடாது, சரி. கோப்பை வையுங்கள், மாலை போடுங்கள், மைக்கில் பேசுங்கள். ஆனால் நம் மனசு ஆறுவதற்காக உயிரோடு இருக்கிறவளைப் போட்டோவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைப்பது என்ன நியாயம்? அன்புதான் காரணம், இல்லை என்று சொல்லவில்லை. அன்பு என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாமா?

கோயில் மணி அடித்தது. முனுசாமி சைக்கிளில் பறந்தான், போஸ்டரைக் கிழிக்க. நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால், கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் போஸ்டர் அப்படியே இருக்கிறது. அதன் முன்னால் டீமே நிற்கிறது. ஒருவனும் கை வைக்கவில்லை.

"என்னடா நிக்கிறீங்க?" என்றேன்.

"அண்ணன் மூஞ்ச எப்டிக்கா கிழிக்கறது?" என்றான் முனுசாமி.

ஸ்டெல்லா அவர்களை விலக்கிக்கொண்டு போனாள். பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பி, துணி கிழிக்கிற மாதிரி நடுவில் நேராக ஒரு கோடு பிடித்து, தன் பக்கத்தை மட்டும் உரித்து எடுத்தாள். அருள்ராஜுக்கு ஒரு கீறல் இல்லை. போட்டோவில் அவன் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் அவன் கோட்டோடு சுவரிலேயே நின்றுவிட்டன. அதை எடுக்க முனுசாமி கை நீட்டினான்.

"அது இருக்கட்டும்," என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சேவியரும் அக்காவும் வந்து இறங்கினார்கள். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. "கல்யாணத்துக்கு மின்னாடியே பொண்ணுக்கு அஞ்சலி போட்டுட்டாங்க. இதுக்கு மேல இன்னா ஓல? வாடா போலாம்," என்று தம்பி கையைப் பிடித்தாள். ஸ்டெல்லா ஈரக் காகிதத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

சேவியர் சுவரைப் பார்த்தார். டீமைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர்.

"உயிரோடதானக்கா கீது. அப்றம் இன்னா?" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். மனசு மாறியதாகத் தெரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் போனேன். திரும்பிப் பார்த்தால், கோயிலின் கடைசியில் மொத்த டீமும் நிற்கிறது. பாதிப் பேர் அதுவரை அந்தக் கோயிலுக்குள் கால் வைக்காதவர்கள். முனுசாமி அதில் ஒருவன். கையில் பசை, நெற்றியில் விபூதி.

பூசை முடிகிற நேரத்தில் ஃபாதர் ஓலையை எடுத்தார். ஸ்டெல்லா பெயர், சேவியர் பெயர், ஊர், பங்குக் கோயில் எல்லாம் வாசித்தார். "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்துவிட்டு, வழக்கம்போலக் கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நின்ற முனுசாமி மேல் அவர் பார்வை ஒரு நிமிஷம் நின்றது.

தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான் பாவி. கையைக் கட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். கோயிலே திரும்பியது. சேவியரின் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒரு தடையும் இல்ல ஃபாதர்," என்றான் முனுசாமி, கோல் போஸ்டிலிருந்து கத்துகிற அதே குரலில். "அண்ணன் டீமு மொத்தமும் வந்துக்கீறோம். அண்ணி நல்லா இருக்கட்டும்."

ஃபாதர் ஓலையை மடித்து வைத்தார். அப்புறம் "ஆமென்" என்றார். சேவியரின் அக்கா மெதுவாக உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல். ஸ்டெல்லாவும் அழுதாள்.

வெளியே வந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் முனுசாமியைப் பிடித்துக்கொண்டார். "ஓலை வாசிக்கறப்ப யாரும் பதில் சொல்லக் கூடாதுப்பா. தடை இருந்தாதான் சொல்லணும். அதுவும் அப்புறமா தனியா வந்து."

"பெரியவரு கேக்கறாரு, சும்மா நின்னா மரியாத இல்லயே," என்றான் முனுசாமி. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இன்னும் ரெண்டு வாரம் கேப்பாங்களாமேக்கா? ரெண்டு வாரமும் வந்து சொல்லிட்டுப் போறோம்."