வெள்ளிக்குள் மாட்டிய புரட்டாசி

புரட்டாசி பிறந்துவிட்டால், புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் அந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் இணைய ஆர்டர் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அதற்கு நிரல் எழுதியவர்கள் நானும் என் கூட்டாளியும். கடைக்காரரின் மகள்மீது அவனுக்கு உயிர். முதலில் அப்பாவை அசத்துவது, பிறகு அவளிடம் பேச்செடுப்பது என்று கணக்குப் போட்டு, வலியப் போய் இந்த வேலையை வாங்கி வந்தான்.

பக்கத்தைத் திறந்து வைத்த நாள், புரட்டாசியின் முதல் சனிக்கிழமை. கடைக்காரர் ஆசையாகக் கைப்பேசியைத் தட்டினார். திரையில் எண்ணெய் மின்ன மட்டன் பெரட்டல் வந்து நின்றது!

“என்னா தம்பி இது? புரட்டாசியில என் அடுப்புல கவுச்சியே ஏறாது. இதப் பாத்தா யாரு என்னைய நம்பி வாங்குவா?”

கூட்டாளி மடிக்கணினியைத் திறந்தான். நான் அதைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளில் சைவம் மட்டும் என்பதற்காக முதலில் ‘வெள்ளியா?’ என்று ஓர் இஃப், அதாவது நிபந்தனைக் கேள்வி, எழுதியிருந்தோம். பின்னால் சேர்ந்த ‘புரட்டாசியா?’ என்ற இஃபை, அவன் அவசரத்தில் அதன் வயிற்றுக்குள்ளேயே திணித்திருந்தான். வெள்ளி இல்லாத நாளில் கணினி புரட்டாசியைப் பற்றிக் கேட்கவே கேட்காது. நாங்கள் சோதித்துப் பார்த்ததோ முந்தின நாள், வெள்ளிக்கிழமை! எல்லாம் சரியாக வந்ததென்று தே தாரிக் குடித்துக் கொண்டாடியும் விட்டோம்.

ஆர்டர்கள் வரத் தொடங்கும் நேரம். புரட்டாசியை உருவி வெளியே வைத்தேன். புரட்டாசி இல்லையென்றால் மட்டும் உள்ளே போய் ‘வெள்ளியா?’ என்று கேட்கச் செய்தேன். பக்கத்தை மறுபடி திறந்தால், அவியலும் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும்தான். அடடா, அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷம்! சரியான இடத்தில் கேட்ட ஒரு கேள்வி ஒரு கடையின் மானத்தையே காப்பாற்றியிருந்தது.

“போயிடுச்சு லா! ஆடு போயிடுச்சு லா!” என்று கூட்டாளி குதித்தான்.

எந்தக் கேள்வி எதற்குள் மாட்டியிருந்ததென்று நான் சொன்னதும் கடைக்காரரும் சிரித்துவிட்டார். “சரி, எம்பொண்ணு விசயம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அவகிட்ட கேட்டியா?”

“இன்னும் இல்ல அங்கிள். மொதல்ல நீங்க சரின்னு சொன்னா…”

“இதுலயும் தப்பாத்தான் அடுக்கி வச்சிருக்கியா? அவ சரின்னு சொன்னாதான்லா என்கிட்ட கேள்வியே வரும்.”

கல்லாவில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள்: “கேக்கச் சொல்லுங்கப்பா. ஒரு வருசமா பதிலோட காத்துக்கிட்டு இருக்கேன்.”