மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு பல்லி

மூன்றாவதும் பெட்டையாகப் பிறந்தபோது என் மனுசன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. நாலாவது வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, ஒரு மத்தியானம் சோற்றுக் கோப்பையைச் சுவரில் அடித்து உடைத்தார்.

“இதும் பெட்டையெண்டா உன்னையும் அதையும் சேத்துக் குழிவெட்டித் தாட்டுப்போடுவன்.”

அவர் வாய் மூடவில்லை, சுவரில் பல்லி சொன்னது. எங்கள் ஓலைத்தொடுவாய் ஊரில் ஒருவர் கதைக்கும்போது பல்லி சொன்னால் அது பலிக்கும். கேட்டவர்கள் விரலால் நிலத்தில் தட்டுவார்கள். நானும் தட்டினேன், அவரும் தட்டினார். பெட்டைதான் என்று பல்லி சொல்லிவிட்டதாக அவர் முடிவுகட்டிவிட்டார்.

அன்று என் முதுகில் வீடு கூட்டும் தும்புத்தடி முறிந்தது. பிறகு புதுத் தடி வாங்கிவந்து, பிள்ளை பிறக்க முதல் வீட்டில் ஒரு பல்லி இருக்கக்கூடாது என்றார். பெரிசாக இருப்பது கடுவன், அதை அடித்தால் இனம் அழியும் என்றார். நானும் பெரிசாகப் பார்த்து அடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்துப்போயிற்று. அவருடைய மண்டை என்று நினைத்தே ஒவ்வொன்றையும் நசித்தேன். அறுந்த வால்கள் நிலத்தில் துடித்தன.

பல்லி குறையவில்லை. உயர்தரம் படிக்கும் என் மூத்தவள் செத்த ஒன்றைப் போத்தலில் போட்டு ரீச்சரிடம் காட்டிவிட்டு வந்தாள். இந்தச் சின்னப் பல்லி இனத்தில் கடுவனே இல்லையாம். எல்லாம் பெட்டையாம். துணை சேராமலே முட்டையிடுமாம், குஞ்சு தாயை அப்படியே உரித்துவைத்தது போல வருமாம்.

“அம்மா, ஒண்டு மிஞ்சினாலே போதும்.”

படிக்க விட்டால் விசர்க்கதை கதைக்கிறாய் என்று ஏசினேன். ஆனால் மாதா சுரூபத்துக்குப் பின்னால் இரண்டு முட்டை ஒட்டியிருந்தது. பக்கத்தில் தாய். ஓங்கிய தடியை இறக்கிவிட்டேன். சுரூபத்தை அசைக்க அவருக்குப் பயம், அதனால் அவர் அதைக் காணவேயில்லை.

பெட்டைதான் பிறந்தது. நானும் மூத்தவளும் பிள்ளையோடு ஓட்டோவில் வந்து இறங்கியபோது, அவர் வளவில் குழி வெட்டி வைத்துவிட்டு, மண்வெட்டியோடு சாராய வெறியில் நின்றார். பிள்ளையை மூத்தவளிடம் கொடுத்துவிட்டு வாசலில் சாத்தியிருந்த தும்புத்தடியை எடுத்தேன். முதல் அடி மணிக்கட்டில். மண்வெட்டி விழுந்தது. அடுத்தது அந்தச் சொல்லைச் சொன்ன வாயில். பல்லொன்று இரத்தத்தோடு மணலில் விழுந்தது.

“ஓம், பெட்டைதான். குழியை மூடுங்கோ.”

ஒற்றைக் கையால் மூடினார். முடியும்வரை தடியோடு நின்றேன். உள்ளே சுரூபத்துக்குப் பின்னால் பல்லி சொன்னது. நாங்கள் ஒருவரும் நிலத்தில் தட்டவில்லை.